கையைப் பிடித்துக் கேட்டார்

என் தங்கைக்குச் சம்பளமே மனுஷ மனசைப் பற்றிப் பேசுவதற்குத்தான். கம்பெனி கம்பெனியாகப் போய், எரிந்து விழுகிற வாடிக்கையாளரை எப்படிக் குளிர வைப்பது, மேலதிகாரியை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று வகுப்பெடுப்பாள். நான் துணி ஆல்டர் செய்யும் கடை வைத்திருக்கிறேன். பேன்ட் இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக் கையைக் குறைப்பது. 'இப்பவே வேணும்' என்று வந்து குதிக்கிறவர்களோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்று ஒருநாள் அவளிடம் புலம்பினேன்.

"முடியாதுன்னு சொல்லாதக்கா. சாயங்காலம் வாங்கிக்கிறீங்களா, நாளைக்குக் காலையிலயான்னு கேளு. ரெண்டுல ஒண்ணைச் சொல்லிடுவாங்க. இப்பவேங்கிறது மறந்தே போயிடும்" என்றாள்.

மறந்துதான் போனார்கள். எனக்கு ஒரே குஷி. பெரிதாக ஒன்று வேண்டுமென்றால் முதலில் சின்னதாக ஒன்று கேட்க வேண்டும், ஒரு தடவை தலையாட்டியவருக்கு அடுத்த தடவை மறுக்க வாய் வராது என்றும் சொல்லிக் கொடுத்தாள். இவளைத் தங்கையாகப் பெற என்ன புண்ணியம் செய்தேனோ என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

வேறு ஊரில் ஒரு நாடக அரங்கிலிருந்து எனக்கு வேலை வந்தது. உடை தைக்கும் பிரிவுக்கே தலைமை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தைத்ததைப் பிரித்துத் தைத்தவளுக்குப் புதுத்துணியில் கத்தரிக்கோல் வைக்க ஒரு வாய்ப்பு. கடையைக் காலி செய்யத் தேதிகூடக் குறித்துவிட்டேன்.

அப்பா அப்போது தங்கை வீட்டில் இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள் என்று தங்கை கேட்டாள். சரி என்றேன். அப்புறம், வெளியூர் வகுப்பு இருக்கிறது, ஒரு வாரம் என்றாள். அதற்கும் சரி என்றேன். வாரக் கடைசியில் அவரைக் கூட்டிப்போக வருவாள் என்று பார்த்தால், வண்டியில் அவருடைய கட்டிலோடு வந்து இறங்கினாள்.

"அக்கா, கட்டிலை ஜன்னல் பக்கம் போடட்டுமா, சுவர் பக்கம் போடட்டுமா?"

"ஜன்னல் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். கட்டில் வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது, ஆட்கள் அதை இறக்கிப் போட்ட பிறகுதான் உறைத்தது. என் கடைக்கு வருகிறவர்களைப் போலவே நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆனாலும் நான் அசையவில்லை. "நீ என்ன வித்தை காட்டினாலும் நான் கிளம்பறேன்டி. திங்கட்கிழமை அப்பாவை உன் வீட்ல விட்டுட்டுத்தான் வண்டி ஏறுவேன்" என்றேன். அவள் கோபப்படவே இல்லை. அப்பாவோடு கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இடது கையால் என் கையைப் பிடித்தார். அந்தக் கை எங்களை அடித்ததும் இல்லை, அணைத்ததும் இல்லை. அதட்டல் மட்டும்தான் அவருக்குத் தெரிந்த பேச்சு.

"பெரியவளே, நீ போறது உன் உரிமை. உன் இடத்துல நான் இருந்தாலும் போகத்தான் நினைப்பேன். ஆனா உன் பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்லம்மா."

அப்படியே உருகிப்போனேன். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அழுதேன். அழுத கண்ணோடு நாடக அரங்குக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். காத்திருப்பில் இருந்த இன்னொருவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

அப்பாவிடம் வந்து, போகவில்லை என்று சொன்னேன். அவர் முகத்தில் பெரிய நிம்மதி.

"சின்னவ சொன்ன மாதிரியே சொன்னேன்ல? கையைப் பிடிச்சுக்கோன்னா. அதட்டாதேன்னா. உரிமைங்கிறதைத்தான் மறந்துடுவேனோன்னு பயந்தேன். நாலஞ்சு தடவை சொல்லிப் பார்க்க வச்சா. நீ ஒத்துக்கலேன்னா முதியோர் இல்லம்தான்னு சொல்லிட்டா."

பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். தங்கை என்னை ஏமாற்றியதைக்கூடச் செரித்திருப்பேன். அவள் தொழிலே அது. ஆனால் அப்பாவின் கையை எடுத்துக்கொண்டு வந்தல்லவா என் கழுத்தை அறுத்தாள்.

போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகப் பேசினாள்.

"அக்கா, அவருக்குள்ள இருக்கறதை அவருக்குச் சொல்லத் தெரியல. நான் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதுக்காக அது பொய்யாயிடுமா?"

உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு இனி அது தெரியவே போவதில்லை. அவளை மன்னிக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

சாயங்காலம் மாத்திரை கொடுக்கப் போனபோது அப்பா மறுபடியும் கையை நீட்டினார்.

"பாத்ரூம் போகணுமா?"

"இல்ல. சும்மாதான்."

"இதையும் அவதான் சொல்லிக் கொடுத்தாளா?" என்று கேட்டேன்.

அவர் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.