ஆடிக் கிருத்திகைக்கு முன் ஒரு வெள்ளோட்டம்

இலவசமாக எது வந்தாலும் ஸ்கந்தகுமார் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிரசாதம் செய்த குடும்பம். அதனால் 2005 வைகாசியில், அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அரசு என்கிற பையன் ரூம் பதிவுக்கு ஒரு புரோகிராமைக் கொண்டுவந்து, "சார், இது ஓப்பன் சோர்ஸ். யாரு வேணா எடுத்துக்கலாம். உள்ள என்ன எழுதியிருக்காங்கன்னு பார்க்கலாம், வேணும்னா மாத்திக்கலாம். லைசென்ஸ் கீசென்ஸ் ஒண்ணும் வாங்க வேணாம்" என்றதும் மனுஷர் அங்கேயே விழுந்துவிட்டார்.

அவருக்கும் வேறு வழி இல்லை. சரவணப் பொய்கைக்குப் பக்கத்துச் சத்திரத்துக்கு அவர்தான் செயலாளர். காவடிக்காரர்களுக்குத் தங்க இடம் கொடுப்பதுதான் அவருக்கு உயிர். போன ஆடிக் கிருத்திகையில் ஒரே ரூமை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் தெலுங்கிலும் தமிழிலும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பழைய புரோகிராமை எழுதிக் கொடுத்த கம்பெனி எங்கே போனதென்று முருகனுக்கே வெளிச்சம். சத்திரக் கமிட்டித் தலைவர் பத்ரிநாராயணன் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த ஆடிக்கும் மானம் போனால் சத்திரம் குத்தகைக்குப் போகும். குத்தகைக்காரன் காவடிக்காரனையா உள்ளே விடுவான்?

மணவூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து கவுண்டரில் உட்காரும் காஞ்சனாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நம்ம பிரிண்டர் இதுல ஓடுமா? ஆடிக்கு ஏற்கெனவே ரூம் சொல்லி வெச்சவங்க பேரு பழசுலருந்து இதுக்கு வருமா? நடுவுல நின்னுபோச்சுன்னா யாரு வந்து பார்ப்பாங்க?"

"உலகம் பூரா ஆளுங்க இருக்காங்க மேடம். கேள்வி எழுதிப் போட்டா பதில் வந்துடும்" என்றான் அரசு.

"உலகம் பதில் போடட்டும். கிருத்திகை அன்னிக்கு ஜனம் வந்துகினே இருக்கும்போது இங்க யாரு வந்து குந்துவாங்க?"

அரசு மின்விசிறியைப் பார்த்தான். ஸ்கந்தகுமாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தர்மமாக வருவதை இப்படியா நோண்டுவது? கொஞ்ச நாள் முன்னதாகவே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அரசு சொன்னதையும் அவர் காதில் வாங்கவில்லை.

"ஆடிக் கிருத்திகை அன்னிக்குப் பூஜை போட்டு, முதல் சீட்டு சுவாமி பேருக்கு அடிக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. நைவேத்தியத்துக்கு முன்னாடி ருசி பார்க்கிற வழக்கம் எங்க குடும்பத்துலயே கிடையாது."

அது உண்மைதான். சுவாமிக்குப் படைக்கும்வரை மடப்பள்ளியில் உப்பு உறைப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார்கள். அந்த ஆசாரத்தைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் தலையில் கட்டிய ஆள், நமக்குத் தெரிந்து, இவர் ஒருத்தர்தான்.

வீட்டுக்கு வந்து இதை மனைவி ஜெயத்திடம் பெருமையாகச் சொன்னார். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, நீங்க முதல்முதலாக் கிளறின புளியோதரையை சுவாமிக்கா கொண்டுபோனேள்?"

"அது எப்படி? அப்போ எனக்குக் கையே பழகலையே."

"ஆத்துல கிளறினேள். நான் தின்னேன். புதுசாக் கல்யாணமாகி வந்தவ, வாயைத் திறக்க முடியுமா? மாசக்கணக்கா உப்புக்கரிக்கத் தின்னேன். அப்புறம்தானே உங்கப்பா உங்களை மடப்பள்ளிக்குள்ள விட்டார்?"

ஸ்கந்தகுமார் கால் கழுவப் போய்விட்டார். திரும்பி வரும்போது, "ஞாயித்துக்கிழமை தெருக்காராளைச் சத்திரத்துக்குக் கூட்டிண்டு வா" என்றார்.

ஆனி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை சத்திரத்தில் நடந்தது ஒரு கூத்து. தெருவே யாத்திரிகர் வேஷம் கட்டி வந்தது. ஒருவர் பள்ளிப்பட்டுக் காவடிக் கூட்டத்துக்குத் தலைவர் என்று சொல்லிக்கொண்டு முழுக்கத் தெலுங்கிலேயே அதட்டினார். ஜெயம் ஜன்னல் வைத்த ரூம்தான் வேண்டும் என்று கணவரிடமே மல்லுக்கு நின்றாள். கம்ப்யூட்டர் எல்லாரையும் ஏற்றுக்கொண்டது. பிரிண்டர் மட்டும் மூச்சு விடவில்லை. பழைய பதிவுகளில் ஒரு பேர்கூட வந்து சேரவில்லை. ஸ்கந்தகுமார் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இதே கிருத்திகை அன்னிக்கா இருந்தா, என் கதி?" என்றார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அரசு எழுதிப் போட்ட கேள்விக்கு எந்த ஊர்ப் புண்ணியவானோ பதில் போட, பிரிண்டர் வாயைத் திறந்தது. காஞ்சனா பழைய பேர்களையெல்லாம் உட்கார்ந்து மறுபடி அடித்தாள். "உலகம் இருக்கட்டும், கிருத்திகை அன்னிக்கு நீ இங்க இருக்கணும்" என்று அரசுவிடம் வாக்கு வாங்கினார் ஸ்கந்தகுமார். இன்னொன்றும் கேட்டார். ஒருதரம் கொடுத்த ரூமை யார் சொன்னாலும் மறுபடி கொடுக்க முடியாதபடி, வரிசையும் மாறாதபடி செய்யச் சொன்னார். போன வருஷச் சண்டைக்குக் காரணமே, "நம்ம மனுஷா, பார்த்துப் பண்ணு" என்று தலைவர் வீட்டிலிருந்து வந்த போன்தான். அது சத்திரத்தில் எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. பொய்கையிலிருந்து வாசல்வரை புஷ்பக் காவடிகள். சீட்டு விழுந்துகொண்டே இருந்தது, ஒரு சத்தம் சச்சரவு இல்லை. ஸ்கந்தகுமாருக்கு அழுகை வரும்போல அத்தனை சந்தோஷம். மத்தியானம் பின்கட்டு வழியாகப் பத்ரிநாராயணன் தம் சம்பந்தி குடும்பத்தோடு உள்ளே வந்தார்.

"ஸ்கந்தா, நம்ம சம்பந்தி. ரெண்டு ரூம் போடு."

"வரிசைப்படிதான் விழறது மாமா."

"இந்தப் புரோகிராமை யார் வேணாலும் மாத்தலாம்னு கமிட்டில நீதானே சொன்னே? மாத்தச் சொல்லு."

அரசுவின் விரல்கள் நின்றுவிட்டன. ஸ்கந்தகுமாருக்குக் குத்தகை ஞாபகம் வந்தது. இருந்தாலும் சொன்னார்.

"தாராளமா மாத்தலாம் மாமா. ஆனா யார் சொல்லி, எதுக்காக மாத்தினதுன்னும் அதுலயே எழுதி வெப்போம். கமிட்டில யார் வேணாலும் படிக்கலாம்."

பத்ரிநாராயணன் சம்பந்தியைப் பார்த்தார். வெளியே காவடியைத் தோளில் வைத்தபடி பேசாமல் நிற்கிற ஜனத்தையும் பார்த்தார். அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வரிசை எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"

"பொய்கைப் படிக்கட்டாண்ட இருந்துங்க" என்றாள் காஞ்சனா.

சம்பந்தியை அழைத்துக்கொண்டு நடந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"சத்திரத்தைக் கேட்டுண்டு அந்தக் குத்தகைக்காரன் வந்தா, இடம் காலியில்லேன்னு சொல்லி அனுப்பிச்சுடு, ஸ்கந்தா."