எவர்சில்வர் பைப்

மலைச்சாலையில் பாதி ஏற்றம் கடந்ததும் பானட்டுக்கு அடியிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் கேட்டது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும் வண்டி மாட்டேன் என்றது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மறுபடியும் அதே பைப், அதே இடம்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். வாரம் முழுக்கச் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று ஓட்டியவள், ஓய்வு நாள் வந்தால் தன் பழைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு மலைச்சாலைக் கார்ப்பந்தயப் பயிற்சிக்கு வந்துவிடுவாள். கிளப்பில் எல்லோருக்கும் அவள் ‘பஸ் அக்கா’. அந்தக் காரில் கம்பெனிக்காரர்கள் வைக்காத டர்போ ஒன்றை அவளும் கணவருமாகச் சேர்ந்து பொருத்தியிருந்தார்கள். டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். அமுக்கினால் காற்று சுடும். அதனால் முன்பக்கம் இருக்கும் கூலருக்கு அதைக் கொண்டுபோய் ஆறவைத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். டர்போவிலிருந்து கூலர்வரை போகும் பைப்தான் விரிசல் விட்டிருந்தது.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கீழே வந்தபோது கிளப் செயலாளர் கைப்பேசியில் படம் பிடித்தபடி நின்றான். இன்ஜினைத் துடைக்கவே தனியாக ஒரு பட்டுத்துணி வைத்திருப்பவன். அதனால் அவனுக்குப் பெயர் ‘பளபளா’.

“பஸ்ஸா இருந்தா பாசஞ்சரெல்லாம் இறங்கித் தள்ளியிருப்பாங்கக்கா.”

“நீ தள்ளேன். தொப்பையாவது குறையும்,” என்றாள். சொல்லிவிட்டாளே ஒழிய, காது மடல்வரை எரிந்தது.

அவள் கணவர் வெல்டர். வீட்டை ஒட்டினாற்போல் பட்டறை. அலுமினிய வெல்டிங்கில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று கிளப் முழுக்கப் பேச்சு. மீன் செதில் அடுக்கியதுபோல் ஒரே சீராக ஓடும் அவருடைய வெல்டிங் தடத்தைப் படம் எடுக்கவே ஆட்கள் வருவார்கள். விரிசல் விட்ட பைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் முகம், அடிபட்ட பிள்ளையைத் தூக்கிவைத்திருப்பவர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

“வெல்டு போகல. வெல்டுக்குப் பக்கத்துல போயிருக்கு. பிராக்கெட் பிடிச்ச இடம். இன்னும் கனமான அலுமினியத்துல போட்டுடறேன்.”

“போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க.”

“போன தடவை பிராக்கெட்ட மாத்தினேன். இந்தத் தடவை பைப்ப மாத்தறேன்.”

“வெல்டு வைக்கிற சூட்டுல பக்கத்து அலுமினியம் தளர்ந்துபோகுது. இன்ஜின் ஆடற ஆட்டத்துக்கு அந்த இடம் தாங்க மாட்டேங்குது. டர்போ பக்கம் ஸ்டீல் போடுங்க. கூலர்ல இருந்து இன்ஜினுக்குப் போற பக்கம் உங்க அலுமினியமே இருக்கட்டும்.”

அவர் பைப்பை மேசைமேல் வைத்தார். “ஸ்டீலா? வெயிட்டு கூடும். சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். வண்டி மந்தமாயிடும்.”

“மந்தமானா மெதுவா போய்ச் சேருவேன். விரிசல் விட்டா போயே சேர மாட்டேன்.”

“அந்த இன்ஜின் ரூம்ல நான் போட்டது மட்டும்தான் பாக்க லட்சணமா இருக்கு. அதுல போய் ஸ்டீல்ங்கற. என் கையால அத செய்ய மாட்டேன்.”

“சரி. நீங்க செய்ய வேண்டாம்.”

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

மறுநாள் பணி முடிந்ததும் அவள் காக்கிச்சட்டையோடே இன்ஜினுக்குள் தலையைவிட்டாள். ஒரு தடிக்கம்பியை வளைத்து, டர்போ வாயிலிருந்து ஸ்டியரிங் கம்பிக்கு இடிக்காமல், ரேடியேட்டர் விசிறிக்கு ஒதுங்கி, கூலர் வாய்வரை பைப் போக வேண்டிய வழியை அதில் எடுத்தாள். கை இரண்டும் கீறல். அந்தக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பணிமனைச் சைலன்சர்காரரிடம் போனாள். பேருந்துகளுக்குச் சைலன்சர் ஒட்டி ஒட்டியே ஒரு காது அடைத்துப்போனவர் அவர். ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார்.

“உங்க வீட்டுக்காரரு வெல்டர்தானேம்மா! என்கிட்ட வந்திருக்கே!”

“அவருக்கு ஸ்டீல் ஆகாதாம்.”

“எனக்கு அழகு ஆகாதும்மா! சொல்லிட்டேன்!”

அவர் சொன்னது பொய்யில்லை. மெல்லிய எவர்சில்வர் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, கம்பி போன வழியே ஒட்டிக் கொடுத்தார். ஒட்டிய இடமெல்லாம் அம்மைத்தழும்பு. ஆனால் தட்டிப் பார்த்தால் மணிபோல் கேட்டது. இன்ஜினின் ஆட்டம் பைப்புக்குப் போகாமல் இருக்க, இரண்டு முனையிலும் ரப்பர் ஹோஸ் போட்டு கிளாம்ப்பால் இறுக்கினாள். வழக்கமாக அந்த வேலையைக் கணவர் பார்ப்பார். இந்த முறை அவள் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை.

சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “யாரு போட்டது?”

“சைலன்சர்காரர்.”

“வெல்டர் பொண்டாட்டி வெளியில போய் வெல்டு வச்சிட்டு வந்தான்னு ஊரே பேசும்.”

“பேசட்டும். ஏத்தத்துல நடுரோட்டுல நிக்கறது ஊரா, நானா?”

அதன்பின் பந்தயம்வரை வீட்டில் பேச்சு உப்பு, தண்ணி, சாவி என்ற அளவில் நின்றது.

பந்தய நாளன்று வண்டிகளைப் பரிசோதித்து ஓடவிடும் பொறுப்பு பளபளாவுடையது. பந்தயத்தில் அவனும் ஓட்டப்போகிறவன்தான். பானட்டைத் தூக்கியவன் சுற்றி நின்றவர்களையெல்லாம் கைதட்டிக் கூப்பிட்டான்.

“இங்க வந்து பாருங்கப்பா! அக்கா எவர்சில்வர் பாத்திரக்கடை தொறந்திருக்காங்க!”

சிரிப்பு எழுந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“சிரிச்சு முடிச்சாச்சா? பாஸ் சீட்டு ஒட்டு.”

“எப்படிக்கா ஒட்டறது? இந்த வெல்டப் பாத்தா பயமா இருக்கு. பாதுகாப்பு இல்லன்னு எழுதிடுவேன்.”

“பாக்க அசிங்கமா இருக்குன்னு எழுது. அதுதான் உண்மை. அசிங்கமா இருக்கற வண்டி ஓடக்கூடாதுன்னு ரூல் இருந்தா காட்டு, இப்பவே வீட்டுக்குப் போயிடறேன்.”

“லீக் ஆச்சுன்னா?”

“ஆகாது,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் திரும்பினாள். கணவர்.

“ஒரு முனைய அடைச்சு, மறுமுனையில காத்து ஏத்தி, சோப்புத் தண்ணி தடவிப் பாத்துட்டேன். டர்போ தர்ற அழுத்தத்தைவிடக் கூடவே ஏத்தினேன். ஒரு குமிழி வரல.” அவர் பைப்பைப் பார்த்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும், கண்ணை எடுத்துக்கொண்டார். “கோணல் வேலைதான். ஆனா கெட்டி.”

பளபளா சீட்டை ஒட்டிவிட்டுப் போனான்.

“எப்ப டெஸ்ட் பண்ணீங்க?”

“நீ டூட்டிக்குப் போயிருந்தப்ப.”

“உங்கள யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டையும் ஹெல்மெட்டுக்குள் அடக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

முதல் ஓட்டத்தில் வண்டி பறந்தது. பைப் விரிசல் விட்ட அந்த வளைவு வந்தபோது மட்டும் அவளையறியாமல் பாதம் சற்று மேலெழுந்தது. ‘ச்சீ’ என்று தன்னையே திட்டிக்கொண்டு முழுதாக அழுத்தினாள். சீறல் இல்லை. டர்போவின் ஊளை மட்டும் மேலே மேலே போயிற்று. உச்சியில் நின்றிருந்தவர்கள் கொடியை ஆட்டியபோது அவள் கத்திய கத்தல் யாருக்கும் கேட்டிருக்காது.

இரண்டாவது ஓட்டத்துக்கு உச்சிவெயிலில் வரிசையில் வெகுநேரம் நிற்கவேண்டியிருந்தது. கணவர் சொன்னது அப்போது பலித்தது. எவர்சில்வர் சூட்டைக் குடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. புறப்பட்டபோது வண்டியில் பழைய துடிப்பில்லை. கியரைக் கீழிறக்கி, வளைவுகளில் பிரேக்கை மிச்சம் பிடித்து, கையாலேயே வண்டியை மேலே தூக்குவதுபோல் ஓட்டினாள். போய்ச் சேர்ந்தாள். கோப்பை பளபளாவுக்குப் போயிற்று. அவள் பெயர் பரிசுப் பலகையின் பக்கத்திலேயே வரவில்லை.

கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் வந்தான். “அலுமினியம் போட்டிருந்தா நீங்களும் மேடையேறியிருப்பீங்கக்கா.”

“இருக்கலாம். உன் வண்டி நல்லா ஓடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா என்னை இன்னிக்கு யாராவது கயிறு கட்டி இழுத்தாங்களா?”

“இல்ல...”

“அப்ப வழிய விடு. வண்டிய எடுக்கணும்.”

மலையிறங்கும்போது அவளே ஓட்டினாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். சமவெளி வந்த பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“பைப்பு மேல சூடு தாங்கற துணி சுத்திடலாம். வெயில்ல நின்னாலும் பிரச்சினை வராது.”

“சுத்துங்க.”

“அப்படியே... அந்த வெல்ட மட்டும் அறுத்துட்டு, ஸ்டீல்லயே நான் நல்லா போட்டுத் தரட்டுமா?”

“வேண்டாம்.”

“ஏன்?”

“நான் கேட்டப்ப போடலியே. ஒடைஞ்சா சொல்றேன், அப்ப போடுங்க.”

“அது எங்க ஒடையப்போகுது,” என்றார் அவர், மனத்தாங்கலோடு.

முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.