நாற்பதாவது விண்ணப்பம்

கணவர் எடுக்காமல் விட்டுப்போன நாற்பது நாள் விடுப்புக்கான பணத்தைக் கேட்டு அவள் அலுவலகம் போனாள். அவர் இறந்து இரண்டு மாதமாகிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தாள்.

சம்பளப் பிரிவு குமாஸ்தா தலையைச் சொறிந்தார். “அண்ணி, ஒரு நாள்கூட மிச்சமில்ல.”

“விளையாடுறீங்களா? கல்யாணத்துக்கே அரை நாள் லீவு போட்ட மனுஷன் அவரு!”

“அதான் எனக்கும் புரியல. தினமும் காலையில என் மேசைமேல அவரு பேருல ஒரு லீவு விண்ணப்பம் இருக்கு. நான் மறுக்காட்டி லீவு கழிஞ்சிடும்; மறுக்க மனசு வரல.”

அவள் விண்ணப்பக் கட்டை வாங்கிப் பார்த்தாள். கணவரின் அதே கோணல் கையெழுத்து. தேதிகளெல்லாம் அவர் போன பிறகானவை. காரணம்: ‘சமையலறைக் குழாய் சரிசெய்ய.’ ‘ஜன்னல் தாழ்ப்பாள் மாற்ற.’

வருஷக்கணக்காகச் சொட்டிய குழாய் போன வாரம்தான் தானாக நின்றிருந்தது.

கடைசித் தாளில் இன்றைய தேதி. காரணம்: ‘மனைவியோடு இருக்க.’

“எல்லாத்தையும் மறுத்துடவா? முழுப் பணமும் வந்துடும்.”

அவள் கடைசித் தாளை மட்டும் உருவித் தனியே வைத்தாள். “முப்பத்தொன்பதை மறுத்துடுங்க, அது பொண்ணுக்கு. இது எனக்கு.”

மத்தியானம் வீடு திரும்பியபோது குழாய் பழையபடி சொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் அவளுடைய நாற்காலிக்கு எதிரே இருந்த நாற்காலி, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பின்னால் இழுபட்டிருந்தது. அவள் கதவைத் தாழிட்டாள்.

“இப்பவாவது வந்தீங்களே,” என்றபடி இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.