கோகிலாம்பாளின் புது உடம்பு

வில்லியனூர் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்த சௌந்தரராஜனின் மனைவி கோகிலாம்பாள் ஒரு காலத்தில் நூற்றுப் பதினெட்டு கிலோ. நாற்பது வயதுக்குள் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. படுத்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். எழுபத்தெட்டாம் வருடம், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த சென்னை டாக்டர் ஒருவர், "குடல்ல பெரும்பகுதிய ஒதுக்கிட்டு மிச்சத்த இணைச்சிட்டா, சாப்பிடறது உடம்புல ஒட்டாதும்மா" என்றார். சௌந்தரராஜன் தயங்கினார். அவள்தான் பிடிவாதமாகப் போய்ப் படுத்தாள்.

டாக்டர் சொன்னது பொய்யில்லை. பத்து மாதத்தில் பாதி உடம்பு கரைந்தது. ஆனால் ஒட்டாதது எங்கே போகும் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை கொல்லைக்கு ஓடினாள். மோர் குடித்தாலும் ஓட்டம்தான். புண்ணாகி உட்கார முடியவில்லை. சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வந்தது. குளிக்கும்போது, தொடைவரை மடிந்து தொங்கிய வயிற்றுத் தோலைத் தூக்கிப் பிடித்துத்தான் கழுவ வேண்டியிருந்தது. பஸ் ஏறுவதை விட்டாள், கோயிலை விட்டாள். எதிர்வீட்டுக் கலியம்மாள் அவளுக்குத் தன் டம்ளரில் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டாள். ஆபரேஷனைப் பற்றி வெளியே யாருக்கும் சொல்லவில்லை; கோகிலாம்பாளுக்குக் காசநோய் என்று தெருவே முடிவு கட்டிவிட்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகள் விஜயகுமாரியைப் பெண் பார்க்க பாகூரிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் முன்னால் கொல்லைக்கு ஓடக் கூடாதென்று கோகிலாம்பாள் முந்தின நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. கேசரித் தட்டை நீட்டும்போது விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கி விறைத்துக்கொண்டன. தட்டு விழுந்தது.

மாப்பிள்ளையின் தாய் தையலம்மாள் எழுந்து வந்தாள். "இன்னாம்மா, கை இப்டி இழுத்துக்குது? உள்ளதச் சொல்லு. தெருவுல பேசிக்கிறாப்ல காசமா?"

கோகிலாம்பாள் அவளை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். புடவையைத் தளர்த்தி வயிற்றைக் காட்டினாள். "நோய் இல்லீங்க. இளைக்கணும்னு நானே கேட்டு வெட்டிக்கினது. இதுல எம்பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. சாமி சத்தியமா ஒண்ணுமில்ல."

தையலம்மாள் தழும்பைப் பார்த்தாள், தொங்கும் தோலைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மூடிக்கம்மா" என்றாள்.

மூன்றாம் நாள் தரகர் வந்து, ஜாதகம் சேரவில்லை என்றார்.

அவர் படியிறங்கியதும் கோகிலாம்பாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தன் வயிற்றிலேயே மாறி மாறிக் குத்திக்கொண்டாள். விஜயகுமாரி ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்தாள்.

"உடும்மா! அந்த டாக்டராண்ட போயி பழையபடி இணைக்கச் சொல்லு."

"மறுபடி குண்டாயிடுவேன்டி."

"ஆயிட்டுப் போ. நீ உசுரோட இருந்தா போதும்."

சென்னையில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். முன்பிருந்த உற்சாகம் அவரிடம் இல்லை. "சத்து எதுவும் ஒட்டாமதான் கை இழுக்குது. ஈரலும் கெட ஆரம்பிச்சிருக்கு. பழையபடி இணைக்கலைன்னா தாங்காது. இணைச்சா எடை திரும்ப வந்துடும்" என்றார். சௌந்தரராஜன் கையெழுத்துப் போடும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டம் நின்றது. கை இழுப்பதும் நின்றது. தீபாவளிக்குள் எண்பது கிலோ. முழங்கால் வலி திரும்பிவிட்டது. வேறு வரன் எதுவும் வரவில்லை.

ஒரு காலையில் விஜயகுமாரி மூன்றாவது இட்லியை வைக்க வந்தபோது கோகிலாம்பாள் தட்டைக் கையால் மறைத்தாள். பசி இருந்தது. தின்னவும் பயம், தின்னாமலிருக்கவும் பயம். மகள் அந்தக் கையை மெல்ல விலக்கி இட்லியை வைத்தாள். கோகிலாம்பாள் அழுதுகொண்டே அதைப் பிட்டுத் தின்றாள்.