முதல் மழையில் சுருங்கிய சாலை

புதுச் சாலை முதல் மழையில் சுருங்கும். போடுவதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் காயவைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஜாக்கெட் துணியைக்கூட நனைக்காமல் நாம் தைக்கக் கொடுப்பதில்லை. சாலையை மட்டும் அப்படியே விரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மணப்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் முக்கில் தொடங்கி சாத்தூர் வரைக்கும் அது புதுசு. அதற்குத் தெற்கே பழையது. எத்தனையோ மழை பார்த்து, சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கி முடித்தது. நாங்கள் இருபத்தொரு பேர் எங்கள் ஊரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் கிளம்பியிருந்தோம். மூன்றாம் நாள் காலை சாத்தூரில், புதுசும் பழசும் சேருகிற இடத்தில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது மழை பிடித்தது.

வடக்கே நன்றாக வலுத்துப் பெய்தது. முதலில் விருதுநகர் பக்கத்தில் வந்தது. பிறகு திருமங்கலம். மதுரை, புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக வந்து நின்றது. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஆட்கள் குடை பிடித்தபடி பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளாக இருந்த என் முழங்கால் வலி அரைமணி நேரத்தில் காணாமல் போனது. மிதித்த தூரமே இல்லாதபோது வலி மட்டும் எதற்கு இருக்கப்போகிறது?

பதினொரு மணிக்கு எங்கள் வீடு வந்துவிட்டது. பஜ்ஜிக் கடையிலிருந்து நாற்பது அடி.

நான் சைக்கிளுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். காரணம் என் மகள் தன்ஷிகா. இரண்டரை வயது. "அம்மா தூரமாப் போறேன், அஞ்சு தடவை தூங்கி எழுந்திரிச்சா வந்துடுவேன்" என்று சொல்லித்தான் விட்டு வந்திருந்தேன். தூரம் என்பதால்தான் அவள் ஒத்துக்கொண்டாள். பக்கத்தில் பார்த்தால் கையைத் தூக்குவாள். அவள் கையைத் தூக்கினால் நான் அவளைத் தூக்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். இடுப்பில் பிள்ளையோடு கன்னியாகுமரிக்கு மிதிக்க முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு நானாக ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

நல்லவேளை, அது அவள் தூங்குகிற நேரம்.

வாசலில் என் வீட்டுக்காரர் வாளி வைத்து மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா?" என்றார் மெதுவாக.

"நான் வரலைங்க. சாலைதான் வந்திருக்கு."

"அதுவும் சரிதான். எல்லாரையும் ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகச் சொல்லு. சத்தம் போடாமக் குடிக்கச் சொல்லு."

சத்தம் போடாமல் குடித்தோம். எங்கள் குழுவில் பஞ்சர் பார்க்கிற பீர்முகமது அண்ணனுக்கு மட்டும் உறிஞ்சிக் குடித்துத்தான் பழக்கம். அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு பழைய சாலையில் கால் கிலோமீட்டர் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

குழுத்தலைவி மெர்சி அக்கா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவருக்கு முகமே சரியில்லை.

"நூத்தி எழுபது கிலோமீட்டர் மிதிச்சோமேடி செவ்வந்தி. இப்ப நாப்பது அடி. பிள்ளைங்ககிட்டப் போய் நான் என்னத்தைச் சொல்றது?"

"இழுத்துடலாம்க்கா. ஈரத்தோட இருக்கும்போதே இழுத்தாத்தான் உண்டு. காஞ்சுட்டா இந்த அளவுலயே நின்னுடும்."

ஈரப் புடவையை எப்படி இழுப்போம்? ஆளுக்கொரு பக்கம் எதிரெதிரே நின்று, ஓரத்தை இறுக்கிப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்ப்போம். அப்படியேதான். சாத்தூர் முனையை நாங்கள் பிடித்தோம். ஊர் முனையை என் வீட்டுக்காரர் பிடித்தார்.

"ஏங்க, நல்லாக் காலை ஊனிக்கங்க" என்றேன் ரகசியக் குரலில்.

"இருபத்தொரு பேரு அந்தப் பக்கம். நான் ஒருத்தன் இந்தப் பக்கம். நியாயமா இது?" என்றார் அவரும் ரகசியமாக.

"பொண்ணு பார்க்க வந்தப்போ, தேரை நான்தான் இழுத்தேன்னு பீத்திக்கிட்டீங்களே?"

"கூட ஐந்நூறு பேரு இருந்தாங்கடி!"

முதல் இழுப்பில் அவர் வழுக்கிக்கொண்டு எங்களிடமே வந்துவிட்டார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் வாளியும் கூட வந்து உருண்டது. அந்தச் சத்தத்தில் தன்ஷிகா எழுந்துவிட்டாள்.

நிலைப்படியில் வந்து நின்றாள். ஒரு கன்னத்தில் பாய்த் தடம். என்னைப் பார்த்தாள். சாலையை விட்டால் சாலை போச்சு. விடாவிட்டால் அவளைத் தூக்க முடியாது. மழை தூறலாகி, வெயில் எட்டிப் பார்த்து, சாலையில் ஒரு முழம் வெளுக்கவும் தொடங்கியிருந்தது.

"அம்மா, தூரமா?" என்றாள்.

"இன்னும் இல்லடி தங்கம். இனிமேத்தான் போகணும்."

யோசித்தாள். உதடு பிதுங்கியது. கை பாதி மேலே வந்தது. என் கையும் பாதி நழுவிவிட்டது.

"போ" என்றாள். படி இறங்கி வந்து, அவள் அப்பாவிடமிருந்து சாலையை வாங்கி, அதன்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் தன்ஷிகா பிடித்த போர்வையை இதுவரை யாரும் பிடுங்கியதில்லை.

"அக்கா, இப்ப இழுங்க!" என்று கத்தினேன்.

அதுவரை பல்லில் கடித்துக்கொண்டிருந்த விசிலை மெர்சி அக்கா ஊதினார். சாலை படபடவென்று பிரிந்தது. ஒரே உதறலில் மதுரை விரிந்து, குடைக்காரர்கள் அவரவர் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திருமங்கலம் போனது, விருதுநகர் போனது. நாங்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சேற்றில் விழுந்து சிரித்தோம். பீர்முகமது அண்ணன் மல்லாந்து கிடந்தபடி, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றார். என் முழங்கால் வலி சுருக்கென்று திரும்பி வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் மகள் வாளி அளவு ஆனாள், தம்ளர் அளவு ஆனாள், மிளகு அளவு ஆனாள். டாட்டா காட்டவில்லை. இரண்டு கையும் வேலையாக இருந்ததே.

பொழுது சாய்கிற நேரத்தில் கயத்தாறு சேர்ந்தோம். சைக்கிளைச் சாத்திவிட்டு வீட்டுக்கு போன் போட்டேன்.

"தூங்கிட்டா" என்றார். "ஆனா சாலையை இன்னும் விடலை. கைக்குள்ளயே வச்சிருக்கா. வாசல்ல பஸ் ஒண்ணு நிக்குது."

"நிக்கட்டும். டிரைவருக்கு ஒரு காபி குடுங்க. எழுந்தா அவளே விட்டுடுவா. வாயில வைக்காமப் பார்த்துக்கங்க, புதுத் தாரு."

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வச்சுட்டாளா?"

"ரெண்டு கிலோமீட்டர்."

"எந்த ரெண்டு?"

"நீ திரும்பி வரும்போது கடைசியா வர்ற ரெண்டு."

"பசிச்சிருக்கும்" என்றேன். "எழுந்ததும் ரசஞ்சோறு குடுங்க. செரிச்சிடும்."