பத்தாயத்துக்குள் இருந்தவர்

பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டியில் பஞ்சநதத்தின் வாயை நம்பிக் காய் வாங்கியவர்கள் உண்டு. காயை நம்பி வாங்கியவர்கள் குறைவு. வந்தவன் காயை ஆட்டிப் பார்த்து யோசிக்கத் தொடங்கினால், உடனே ஒரு கதையை அவிழ்த்துவிடுவார். சிரித்துக்கொண்டிருப்பவன் விலையைக் குறைத்துக் கேட்கக் கூச்சப்படுவான் என்பது அவர் அனுபவம். அந்தக் கதைகளில் நன்றாக ஓடியது, அவருடைய தாத்தா வைத்திலிங்கம் நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தில் திருடனைப் பிடித்த கதை. மகள் குந்தவை கேட்டபோதும் அதையே எடுத்துக் கொடுத்தார்.

குந்தவை சென்னையில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் கதை எழுதுகிறாள். ‘கொள்ளுத்தாத்தா கம்பெனி’ என்று ஞாயிறு காலையில் டிவியில் வரும் சிரிப்புத் தொடர் அவர்களுடையது. அதில் வரும் குடும்பத்தில் யாராவது பரம்பரைப் பெருமை பேசினால் போதும், சுவரில் மாட்டிய படத்திலிருந்து ஒரு முன்னோர் இறங்கிவந்து தன் பக்கக் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு வீட்டுக் கதை கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு.

“நிஜமா நடந்ததா இருக்கணும்ப்பா.”

“நம்மகிட்ட கலப்படமே கிடையாது பாப்பா. எழுதிக்க.”

வீட்டு நெல் குறைந்துகொண்டே போகிறது. தாத்தா பதுங்கிப் பார்க்கிறார். பண்ணையாள் ஒருவன் பத்தாயத்துக்குள் கழுத்துவரை நெல்லில் புதைந்து திருதிருவென்று முழிக்கிறான். தாத்தா அவனை வெளியே இழுத்துப்போட்டு, மூக்கிலிருந்து ஒரு நெல்லை எடுத்து, “இது விதைக்கா, வயித்துக்கா?” என்று கேட்கிறார்.

குந்தவை விழுந்து விழுந்து சிரித்தாள். “அந்தாளு பேரு என்னப்பா?”

“மருதையன்” என்றார். மண்டியில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, யோசிக்கவில்லை.

நடந்தது அப்படியே தலைகீழ். பழைய பத்தாயத்தைப் பிரித்துப் பலகையாக விற்ற அன்று, பஞ்சநதத்தின் அப்பா அவரைத் தனியாக அழைத்து ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தவர் தாத்தாதான். அறுவடை நேரம். கூலிநெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தாத்தா, தஞ்சாவூருக்குக் கோர்ட் வாய்தாவுக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொல்லிவிட்டு, பாதி காலியான பத்தாயத்துக்குள் இறங்கிக்கொண்டார். ஓரத்தில் ஏற்றிவைத்திருந்த நெல் சரிந்து கழுத்துவரை மூடிவிட்டது. இருமல் கேட்டு, வந்தவர்களில் ஒருவரான மருதையன் மேலே ஏறிப் பார்த்தார். இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார். கூட்டம் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்கத் தோதான காட்சி. மருதையன் சிரிக்கவில்லை. திரும்பி, “ஐயா நமக்கு நெல் அளக்கத்தான் உள்ள எறங்கியிருக்காங்க” என்றார். அதன்பிறகு அளக்காமல் இருக்க முடியுமா? மானமும் தப்பியது, கூலியும் கூடியது. ஒரே பேச்சில் இரண்டு தரப்புக்கும் லாபம் காட்டிய அந்த மனிதரை, ஒரு வியாபாரியாகப் பஞ்சநதம் உள்ளுக்குள் வியந்ததுண்டு. வெளியே சொன்னால் தாத்தா பத்தாயத்துக்குள் போய்விடுவாரே!

கார்ட்டூன் ஓடியது. மண்டியே சிரித்தது. காய் எடுக்க வந்த முத்துப்பேட்டை ஜாபிர், “என்ன மொதலாளி, பாட்டனாரை டிவில ஏத்திட்டீங்க, இனிமே காய் விலையும் ஏறிடுமே” என்றார். பஞ்சநதம் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் மாட்டுக்கு ஊசி போட அன்பரசன் வந்தான். ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டர்; மருதையனுடைய மகள் வயிற்றுப் பேரன். வந்தால் “என்னண்ணே, மாடு இளைச்சிருக்கு, நீங்க மட்டும் ஊதிக்கிட்டே போறீங்க” என்று தொடங்குகிறவன். அன்றைக்கு ஊசியைப் போட்டான், கையைக் கழுவினான்.

“காபி சாப்பிட்டுப் போ டாக்டரே.”

“வேணாம் சார்” என்று வண்டியை எடுத்தான்.

அண்ணனிலிருந்து சாருக்கு இறங்கியது பஞ்சநதத்துக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த ஊரில் தயவுக்காகவோ வியாபாரத்துக்காகவோ இல்லாமல் அவரோடு சிரித்துப் பேசுகிறவன் இவன் ஒருவன்தான். உடனே மகளுக்குப் போன் போட்டார்.

“பாப்பா, அந்தப் பேர மாத்திடு. மருதையன்னு வேணாம்.”

“ஏன்ப்பா? அவங்க வீட்டு ஆளுங்க இருக்காங்களா? நம்பர் குடுங்க. அவங்க பக்கம் என்ன சொல்றாங்கன்னு கேட்டு இன்னொரு எபிசோடே பண்ணிடலாம். எங்க தொடர் பண்றதே அதுதானே.”

“அதெல்லாம் வேணாம். பேர மட்டும் எடு.”

“நெஜமா என்னதான்ப்பா நடந்துச்சு?”

வாய்வரை வந்தது. ஆனால் முழு விலை கொடுக்காமல் சரக்கை எடுத்துவிட முடியும் என்று தோன்றினால் எந்த வியாபாரியும் விடமாட்டான். “நடந்தது நடந்ததுதான். பேர மட்டும் மாத்து” என்றார்.

அடுத்த வாரம் மறுஒளிபரப்பில் திருடன் பெயர் கன்னையன் ஆகியிருந்தது. பஞ்சநதத்துக்கு மூச்சு வந்தது. நல்ல செவ்விளநீராக இரண்டு குலை வெட்டி வண்டியில் போட்டுக்கொண்டு, ஒரத்தநாட்டுக்கு அன்பரசன் வீட்டுக்கே போய் இறங்கினார். அவன் அம்மா தங்கம்மாள், அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்காலியைக் காட்டினார். அன்பரசனும் வந்து நின்றான்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எம்மவகிட்ட சண்ட போட்டு அந்தப் பேர எடுக்கச் சொல்லிட்டேன். இனிமே உங்கய்யா பேரு எங்கயும் வராது.”

“பாத்தோம்” என்றார் தங்கம்மாள். “எங்கய்யாவுக்கு ஒரு போட்டோ கூட கெடையாது தம்பி. டிவில மருதையன்னதும் இவன் புள்ளைங்க ஓடியாந்துச்சுங்க, ‘நம்ம தாத்தாவா?’ன்னு. ஆமா, ஆனா உள்ள இருந்தது அவரு இல்லடா, உக்காருங்கன்னு முழுசும் சொன்னேன். அதுங்க அவரப் பத்திக் கேட்டதே அன்னைக்குத்தான். நேத்து தெருவே இங்க இருந்துச்சு. கார்ட்டூன் முடிஞ்சதும் எல்லாருக்கும் சொல்லலாம்னு நாந்தான் கூப்ட்டேன். கன்னையனாம். எந்தக் கன்னையனப் பத்தி நான் சொல்றது?”

“திரும்பப் போடச் சொல்றேன் அக்கா. இப்பவே” என்று பஞ்சநதம் அவர்கள் எதிரிலேயே போனை எடுத்து, ஸ்பீக்கரிலும் போட்டார்.

“அந்த எபிசோட வித்தாச்சுப்பா” என்றாள் குந்தவை. “வேற சேனலுக்குப் போயிடுச்சு, இனிமே தொட முடியாது. நீங்கதானே மாத்தச் சொன்னீங்க? அப்பா, உண்மையச் சொல்லுங்க. புதுசாவே ஒண்ணு எழுதிடுறேன். அந்தப் பத்தாயத்துக்குள்ள இருந்தது யாரு?”

அன்பரசன் வாசற்படியில் நின்றான். தங்கம்மாள் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டே வார்த்தை. உன் கொள்ளுத்தாத்தா. எத்தனை வருஷமாக எத்தனை பேரைப் பேசியே மடக்கிய வாய் அது!

“இங்க டவர் சரியில்ல பாப்பா” என்றார். “அப்பறம் பேசுறேன்.”

போன் அணைந்தது. தங்கம்மாள் எழுந்து உள்ளே போனார். அன்பரசன் கீழே இருந்த இளநீர்க் குலைகளைக் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தான்.

“வாங்க சார், நானே ஏத்திவிடுறேன்.”