வெர்லின் இன்னும் கொக்கி மாட்டி முடிக்கவில்லை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீடான எங்கள் டிரெய்லரின் ஜன்னல் வழியாகக் கிடைத்தது. மிசோரி, ஜனவரி, டிரெய்லர்கள் தங்கும் ஆற்றோரத்து மாநிலப் பூங்கா. காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு சொம்புத் தண்ணீர்தான். ராத்திரி தண்ணீர்க் குழாயைக் கழற்றி உள்ளே வைக்க மறந்துவிட்டார் என் வீட்டுக்காரர். விடியும்போது குழாய் விறைத்து உலக்கையாகிவிட்டது. மனுஷர் வெளியே வெந்நீரை ஊற்றி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து இடத்தில் ஒரு பெரியவர் தன் டிரெய்லரோடு கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள், காத்து நின்றாள், பின்னால் போய் விளக்கு எரிகிறதென்று குரல் கொடுத்தாள். பெரியவர் போய்விட்டார். அவள் எங்கள் மர மேசையில் உட்கார்ந்து அழுதாள். நான் கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள்: "அப்பாகிட்ட மன்னிப்பு கேக்க வந்தேன்."

பார்த்ததும் கேட்டதும் அவ்வளவுதான். பெயர்கள் உட்பட மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில்

கொட்டவில்லை. சூடே இல்லாத வெயில் அடித்தது. ஆற்றிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: மார்லிஸுக்கும் அவள் அப்பாவுக்கும் ஆகவே ஆகாது என்பது

அதுவும் பொய். ஆகாதவர்களுக்கு மன்னிப்பு எதற்கு?

மூன்றாவது: மார்லிஸ் ஒரே ஒரு வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு பாதி மாநிலத்தைத் தாண்டிக் காரோட்டி வந்தாள். (இது இருக்கட்டும்.)

3

போன அக்டோபரில் அவள் அம்மா லவோன் படுத்த படுக்கையாக இருந்தபோது அப்பா வெர்லின் போன் செய்தார்.

"அம்மா உன்னையே கேட்டுட்டு இருக்காம்மா. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்ப்பா."

"சரி சரி. உனக்கும் வேலை இருக்கும்ல."

அடுத்த வாரம் வந்தாள், அடக்கத்துக்கு.

(இங்கே அவளுக்குப் பெரிய காரணமாக ஒன்று கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். காய்ச்சல், விபத்து, வேலை போய்விடும் என்ற பயம். எதுவும் ஒட்டவில்லை. அடுத்த வாரம் என்று சொல்வதற்குப் பெரிய காரணமா வேண்டும்?)

வெர்லின் அவளை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு போனில் இருவரும் பேசியதெல்லாம் இதுதான்:

"அங்க குளிரா?"

"குளிர்தான்ப்பா."

"இங்கயும்."

இன்று அவர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு தெற்கே கடற்கரைப் பக்கம் கிளம்புகிறார். வசந்தத்தில்தான் திரும்புவார். எண்பதை நெருங்குகிற மனிதர், திரும்பினால் உண்டு. அதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் பாரத்தை ஆயுசுக்கும் சுமக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

4

மார்லிஸ் இறங்கியபோது வெர்லின் விறைத்த மண்ணில் முழங்காலிட்டு, டிரெய்லரைப் பிக்கப் வண்டியோடு இணைக்கும் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்"

வாயை மூடிக்கொண்டாள்.*

* டிரெய்லர்க்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொக்கி மாட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கவனம் சிதறி, கொக்கியைப் பூட்டும் இரும்பு ஊசியைச் செருக மறந்தால் மேட்டில் டிரெய்லர் கழன்றுகொள்ளும். மார்லிஸ் சிறு பிள்ளையாக இருந்தபோது தவளை பிடித்த சந்தோஷத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அன்று வெர்லின் ஊசியை மறந்தார், டிரெய்லர் பின்பக்கமாக உருண்டு பள்ளத்தில் இறங்கியது. ஊரே மீறினாலும் இவள் மீற மாட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தலையசைத்தார். மறுபடி குனிந்துகொண்டார். ஊசியைச் செருகினார். சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி இழுத்துப் பார்த்தார். பிறகு, நன்றாக மாட்டியிருந்த சங்கிலியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். ஊசியை உருவித் துடைத்து, மறுபடி செருகினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு வெர்லின் மேல் சந்தேகம் வந்தது. எழுதியதை வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"ஏங்க, இந்த மனுஷன் ஏன் கழட்டிக் கழட்டி மாட்டுறாரு?"

"நிதானமான ஆளு. நான்தான் குழாயை மறப்பேன், எல்லாரும் என்ன மாதிரியா?"

"அட போங்க! முடிச்சுட்டா மக கூடப் பேசணும். அதான் முடிக்க மாட்டேங்கிறாரு."

"அப்போ அவருக்கும் பயம்ங்கிற?"

ஆமாம், பயம்தான். மகள் வாயைத் திறந்தால் லவோன் பேச்சு வரும். லவோன் பேச்சு வந்தால் தான் உடைந்துவிடுவோம் என்று பயம். மகள் மேல் அவருக்குக் கோபமே இல்லை. அது மார்லிஸுக்குத் தெரியாது.

5

கடைசியில் மாட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்.

"நல்ல நேரத்துல வந்த. பின்னாடி நின்னு லைட்டு எரியுதான்னு பாத்துச் சொல்லும்மா."

அது லவோனின் வேலை. அக்டோபருக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மார்லிஸ் போய் அம்மா நிற்கிற இடத்தில் நின்றாள். அவர் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தார். நடுவில் டிரெய்லர், முகம் தெரியாது.

"இடது?"

"எரியுதுப்பா!"

"வலது?"

"எரியுது!"

"பிரேக்கு?"

6

நடந்தது இதுதான். "எரியுது" என்றாள். "சரிம்மா, வரேன். பாத்துப் போ" என்று கையை ஜன்னலுக்கு வெளியே ஆட்டிவிட்டு அவர் போய்விட்டார். காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தன் வாயாலேயே வழியனுப்பிவிட்டாள்.

இதை இப்படியே விட மனசு வரவில்லை. மார்லிஸ் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டுவதாக எழுதினேன். "சீரியல் மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர். வெர்லின் தானாகவே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி

மாட்டார். சங்கிலியைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுகிற மனிதர் தானாக இறங்க மாட்டார்.

நேற்று பாத்திரம் தேய்க்கும்போது சட்டென்று தோன்றியது. அவள் "எரியலப்பா" என்று சொல்லியிருந்தால்? முணுமுணுத்துக்கொண்டே இறங்கியிருப்பார். டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்திருப்பார். பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டதால் விளக்கும் அணைந்திருக்கும், அவள் சொன்னது பொய்யென்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. அணைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருப்பார்கள். கொக்கி மாட்டும் வேலைதான் முடிந்துவிட்டதே, பேசலாம்.

ஐயோ, அன்றைக்கே அவளுக்குத் தோன்றாமல் போயிற்றே! காபி கொடுத்த எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பிரயோஜனமில்லை, அதற்குள் அவர் நெடுஞ்சாலையை எட்டியிருப்பார். அந்தப் பொய்யை இப்போது அவள் வாயில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டு அழுதவளைக் கண்ணால் பார்த்தவள் நான்.

நீங்கள் பார்க்கவில்லை. அதனால் மார்லிஸ் நின்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எதிரே விளக்கு இரண்டும் பளிச்சென்று சிவப்பாக எரிகின்றன. பெரியவர் பிரேக் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"பிரேக்கு எரியுதா, இல்லையாம்மா?"

சொல்லுங்கள்.